கயிற்றைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் படிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஒரு கப்பலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம் மலேசியக் கடற்படைக்கு 'துனாஸ் சமுத்ரா' என்றொரு பாய்மரக் கப்பல், 1989-இல் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்டில் கட்டப்பட்டது. 'சமுத்ரா' நம் சமுத்திரமேதான். 'துனாஸ்' என்றால் இளந்துளிர். சுமார் 44 மீட்டர் நீளம், இரண்டு பாய்மரங்கள். முன்மரத்தில் குறுக்கே விரியும் சதுரப் பாய்கள், பின்மரத்தில் நீளவாக்கில் கட்டிய பாய்கள்.

இயந்திரமும் இருக்கும்போது பாய் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இயந்திரத்தை ஒருவர் முடுக்கிவிடலாம். பெரிய பாயை ஒருவரால் ஏற்ற முடியாது. ஒருவர் தளர்த்த, மற்றவர் இழுக்க வேண்டும். அங்கே மருத்துவர் மகனும் ஒன்றுதான், பால்மரம் சீவியவர் மகளும் ஒன்றுதான். தலை சுற்றினாலும், வாந்தி வந்தாலும், நடுராத்திரியில் காவல் முறை வந்தால் எழுந்து நிற்க வேண்டும். இளைஞர்களைப் பழக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

இதன் சகோதரக் கப்பல் 'யங் எண்டவர்'. 1988-இல் பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. அதில் 16 முதல் 23 வயது வரையுள்ள இளைஞர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். பயணத்தின் பிற்பகுதியில் ஒரு நாள், அவர்களே தங்களுக்குள் ஒரு கேப்டனைத் தேர்ந்தெடுத்துக் கப்பலை ஓட்டியிருக்கிறார்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். ஆபத்து என்றால் மட்டும் கை கொடுப்பார்கள்.

பெற்றோர்களே, "ஐயோ, கடலா? நம்ம பிள்ளைக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அச்சம் நியாயமானதுதான். நம் பேச்சில் கப்பலேறுவது மானம்தானே! நம் முன்னோர்களில் பலர் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் மேல்தட்டில் மூட்டை முடிச்சுகளோடு படுத்து வந்தவர்கள். அவர்களுக்குக் கப்பல் என்றால் பிரிவு. எந்தக் கரை, எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். கயிறு அவர்கள் கையில் இல்லை.

இன்று அந்தக் கயிற்றை நம் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோமா? நம் ஜொகூருக்கு மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் சுற்றுலாவில் கால் நனைத்ததைத் தவிரக் கடலை அறியாத பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்!

இடைநிலைப்பள்ளியில் கடற்படைப் பயிற்சி அணி, சாரணர் முகாம் என்று உங்கள் பிள்ளை ஒரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினால், "அதெல்லாம் வேணாம்" என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். யார் கூடப் போகிறார்கள், பாதுகாப்பு எப்படி என்று நன்றாக விசாரியுங்கள். திருப்தியானால் கையெழுத்துப் போடுங்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் ஒரே கப்பலில் இருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவன் இழுக்கும்போது நீங்களும் சேர்ந்து இழுங்கள். துளிருக்கும் ஒரு நாள் சமுத்திரம் வசப்படும்.