பொருளுக்குக் கனம் எப்படி வந்தது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், பொருள்களுக்குக் கனம் எப்படி வந்தது என்பதாகும். கல் கனமாகத்தானே இருக்கும், பஞ்சு லேசாகத்தானே இருக்கும், இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். "அது அதன் இயற்கை" என்று சொல்லிவிட்டால் கேள்வி மூடப்படுமே ஒழிய, பதில் சொன்னதாகிவிடாது.

முதலாவது, கனம் என்றால் என்ன? தராசில் தெரிவது எடை. பூமியில் 60 கிலோ எடையுள்ளவன் சந்திரனில் 10 கிலோதான் இருப்பான். நான் சொல்வது அதுவல்ல, நிறை என்பது. ஒரு பொருளைத் தள்ளினால் அது எவ்வளவுக்கு அசைய மறுக்கிறதோ அதுவே அதன் நிறை. பாரம் ஏற்றிய வண்டியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இது எங்கே போனாலும் மாறுவதில்லை.

கல்லை உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் அணு. அணுவின் நடுவில் கரு, அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள். கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும், அவற்றுக்குள் குவார்க்குகள். எலெக்ட்ரானையும் குவார்க்கையும் அதற்கு மேல் யாரும் பிளந்ததில்லை. இவைகளுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வைப் பாருங்கள். வெளிச்சத்தின் துகளாகிய போட்டானுக்கு நிறையே கிடையாது. எலெக்ட்ரானுக்கு மிகச் சொற்பம். 1995-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட டாப் குவார்க்குக்கோ எலெக்ட்ரானைப்போல் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் மடங்கு! இந்த வித்தியாசத்திற்குக் காரணம் என்ன? தலையெழுத்தா? பூர்வ ஜென்ம வினையா?

விஞ்ஞானிகளுக்கு இந்தக் கேள்வி ஒரு சங்கடத்தினால் பிறந்தது. சில அணுக்கருக்கள் தாமாகவே சிதைவதற்கும், சூரியன் எரிவதற்கும் பலவீன விசை என்ற ஒன்று வேண்டியிருக்கிறது. அது மிக மிகக் குறுகிய தூரத்திற்குள்தான் வேலை செய்யும். அப்படியானால் அதைச் சுமந்து செல்லும் துகள்கள் கனமானவையாக இருக்கவேண்டும். ஆனால் அவர்கள் போட்ட கணக்கோ, அத்துகள்களுக்கு நிறை இருக்கவே கூடாது என்றது. கணக்கு ஒன்று சொல்லுகிறது; பிரத்தியட்சம் வேறொன்று சொல்லுகிறது. ஏட்டில் இருக்கிறதே என்று பிரத்தியட்சத்தை மறைத்தார்களா? இல்லை, இரண்டிற்கும் பொருந்தும் வழியைத் தேடினார்கள்.

1964-ல் வழி தென்பட்டது. பெல்ஜியத்தில் பிரவுட், எங்லெர்ட் ஆகிய இருவர், எடின்பரோவில் ஹிக்ஸ், லண்டனில் குரால்னிக், ஹேகன், கிப்பிள் ஆகிய மூவர், தனித்தனியே ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தார்கள். அதாவது, வெட்டவெளி என்பது உண்மையில் வெறுமையல்ல. எங்கும் ஒரே அளவாக ஒரு புலம் நிறைந்திருக்கிறது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூளை இழுக்கும் புலம் இருக்கிறதல்லவா? காந்தத்தை எடுத்துவிட்டால் அது போய்விடும். இந்தப் புலமோ எதை எடுத்தாலும் போகாது. எந்தத் துகளுக்கு இதனோடு பிணைப்பு அதிகமோ அதற்கு நிறை அதிகம். பிணைப்பே இல்லாத போட்டானுக்கு நிறையும் இல்லை. இதைச் சேற்றில் நடப்பதற்குச் சிலர் ஒப்பிடுவதுண்டு. அது சரியல்ல. சேறு, ஓடுகிறவனை நிறுத்திவிடும்; இப்புலம் ஓடும் துகளை நிறுத்துவதில்லை, அதன் வேகத்தை மாற்றுவதைத்தான் கடினமாக்குகிறது.

யோசனை நன்றாயிருக்கிறது என்பதற்காக யாரும் அதை அப்படியே நம்பிவிடவில்லை. 1967-ல் வைன்பர்க்கும், 1968-ல் சலாமும் இதைப் பலவீன விசையோடு பொருத்தினார்கள். அவர்கள் கணக்குப்படி இருக்கவேண்டிய கனத்த துகள்கள் 1983-ல் ஜினீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிச் சாலையில் அகப்பட்டன. ஒன்று புரோட்டானைப்போல் சுமார் 86 மடங்கு. மற்றது சுமார் 97 மடங்கு. அப்போதும் திருப்தியடையவில்லை. புலம் மெய்யானால் அதைக் குலுக்கினால் அலை எழும்ப வேண்டுமே, அந்த அலையாகிய ஹிக்ஸ் துகள் எங்கே என்றார்கள். பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். 2012 ஜூலை 4-ந் தேதி, தனித்தனியாக ஆராய்ந்த இரண்டு கூட்டத்தார், புரோட்டானைப்போல் சுமார் 133 மடங்கு நிறையுள்ள ஒரு புதிய துகளைக் கண்டதாக அறிவித்தார்கள். 48 வருஷம் காத்திருந்து பெற்ற அத்தாட்சி அது! அகப்படாது என்று 100 டாலர் பந்தயம் கட்டியிருந்த பேரறிஞர் ஹாக்கிங், தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டார். 2013-ல் எங்லெர்ட்டுக்கும் ஹிக்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரவுட் 2011-லேயே காலமாகிவிட்டார்.

நிற்க, இத்துகளைப் பத்திரிகைகள் "கடவுள் துகள்" என்கின்றன. இது 1993-ல் லெடர்மன் என்ற விஞ்ஞானி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்து வந்த பெயர். ஹிக்ஸே கடவுள் நம்பிக்கையற்றவர். அவருக்கு இப்பெயர் பிடிக்கவில்லை. மோதவிட்டு, எண்ணி, அளந்து, தவறா என்று திரும்பத் திரும்பச் சோதித்துக் கண்டதற்குக் கடவுள் பெயர் எதற்கு?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நம் உடம்பின் கனம் முழுவதும் ஹிக்ஸ் புலத்தால் வந்ததல்ல. புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மீதியெல்லாம் அவை உள்ளே ஓடும் ஓட்டத்திலும், அவைகளைக் கட்டிவைத்திருக்கும் விசையிலும் அடங்கிய சக்தி. சக்தியும் நிறையும் ஒன்றே என்பதை 1905-லேயே ஐன்ஸ்டீன் காட்டினார். அதற்காக அந்த ஒரு பங்கை அற்பமென்று தள்ளிவிடாதீர்கள். எலெக்ட்ரானுக்கு நிறை இல்லாமற்போனால் அது கருவோடு கட்டுப்பட்டு நிற்காது. அணு இல்லை, கல் இல்லை, நானும் நீங்களும் இல்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஒவ்வொரு துகளுக்கும் பிணைப்பு ஏன் இவ்வளவு என்று வகுத்திருக்கிறது? 1998-ல் ஜப்பானில் நடந்த சோதனையால் நிறை உண்டென்று தெரிந்த நியூட்ரினோவுக்கு அது எப்படி வந்தது? இதுவரை விடையில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதில் அவர்கள் வெட்கப்படுவதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லுவதுதான் வெட்கம் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே தோழர்களே, உங்கள் பிள்ளை "கல் ஏன் கனக்கிறது?" என்று கேட்டால், "சும்மா இரு" என்று வாயை அடைக்காதீர்கள். உலகத்தின் பெரிய அறிஞர்கள் அரை நூற்றாண்டு பாடுபட்டும் முழுவதும் தீராத கேள்வி அது என்று சொல்லுங்கள்.