தொட்ட கை
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கிறிஸ்தவ அன்பைப் பற்றிச் சில சொற்கள் பேசும்படி நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். பல சமயத்தினரும் கூடியிருக்கும் அவை இது. ஆகவே தத்துவ விசாரணையில் இறங்காமல், எல்லோராலும் செய்யக்கூடிய ஒரு சிறு செயலைப் பற்றியே பேச விரும்புகிறேன். பிறர் ஒதுக்கிய மனிதரைத் தொடுவதே அச்செயல்.

மத்தேயு சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவர் இயேசு பெருமானிடம் வருகிறார். அக்கால யூதச் சட்டப்படி அவர் ஊருக்குப் புறம்பே வாழ வேண்டியவர். அதே அதிகாரத்தில், நூற்றுக்கதிபதி ஒருவரின் வேலைக்காரனைத் தொலைவில் இருந்தபடியே ஒரு சொல்லால் பெருமான் குணமாக்குகிறார். இவரையோ கை நீட்டித் தொடுகிறார். நோய் தீரச் சொல்லே போதும். ஒதுக்கப்பட்ட உள்ளம் ஆறுவதற்குத் தொடுகை வேண்டும். இதுவே அதன் பொருள் என்று நான் கருதுகிறேன்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. டாக்டர் பால் பிராண்டு 1914-ஆம் ஆண்டு மிஷனரித் தம்பதியருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். மலையில் தம் தந்தையார் தொழுநோயாளருக்குக் கையுறை அணிந்து கட்டுப் போட்டதைச் சிறுவயதில் கண்டவர். தக்க மருந்து இல்லாத காலம் அது, அச்சம் இயல்பே.

வளர்ந்து அறுவை மருத்துவராகி, 1946-இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றபோது, விரல்கள் மடங்கிப் போன இளைஞர் ஒருவரின் கையைத் தம் கையில் வாங்கி, இறுகப் பிடிக்கச் சொன்னார். அப்பிடி அவருக்கு வலித்தது! பயனற்றதென்று எல்லோரும் கைவிட்ட அக்கையில் வலிய தசைகள் உயிரோடிருந்தன. நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலோடு இணைக்கலாமே என்னும் வழி அவருக்குப் புலப்பட்டது. அவ்வழியே செய்த அறுவைச் சிகிச்சைகளால் மடங்கிய விரல்கள் பல நிமிர்ந்தன. கையுறையின்றி நீட்டிய ஒரு கை, எத்தனையோ கைகளுக்கு வாழ்வளித்தது.

மற்றொரு நாள், ஒரு நோயாளரின் தோளில் கை வைத்தபடி சிகிச்சை முறையை விளக்கினார் டாக்டர். அம்மனிதர் தேம்பி அழத் தொடங்கினார். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் திகைத்தார். பல ஆண்டுகளாகத் தம்மை எவரும் தொட்டதில்லை என்பதே அழுகைக்குக் காரணம் என்று உடனிருந்தவர் எடுத்துரைத்தார்.

இன்று நம் அறிவு அக்காலத்தைவிட வளர்ந்திருக்கிறது. தொழுநோய்க் கிருமியை 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்தார். நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் உட்கொள்ளும் கூட்டு மருந்து, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. கை குலுக்குவதாலோ பக்கத்தில் அமர்வதாலோ இந்நோய் ஒட்டாது. ஆயினும் 2019 வரை நம் நாட்டுத் திருமணச் சட்டங்களில் இது மணவிலக்குக்கு ஒரு காரணமாக நீடித்தது. சட்டம் திருந்திவிட்டது, உள்ளம் திருந்தியதா?

இக்கேள்வி செம்பூரில் வாழும் நமக்கும் உரியதே. துறைமுக ரயில் பாதையில் நமக்குச் சில நிலையங்கள் தள்ளியுள்ள வடாலாவில், 1890-இல் தோன்றிய ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. அவ்வழியே நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் நம்மில் பலர். தொற்றும் நிலையில் இல்லாத தொழுநோயாளர் சிகிச்சைக்குச் செல்ல ரயில்வே கட்டணச் சலுகை வழங்குகிறது. ரயில்வே ஊழியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: சலுகையைச் சர்க்கார் தரலாம், பக்கத்தில் உட்கார இடம் தர வேண்டியவர் சக பயணியே.

இதில் உயிர்ப் பிரச்சினை ஒன்றும் அடங்கியிருக்கிறது. உணர்ச்சியற்ற, வெளிறிய தேமல் உடலில் தோன்றியதும் மருத்துவரிடம் சென்றால் கை கால் ஊனமின்றித் தப்பலாம். ஆனால் ஊர் ஒதுக்கிவிடும் என்று அஞ்சுபவர் அதைச் சட்டைக்குள் மறைக்கிறார். மறைத்த நாட்களில் நரம்பு கெடுகிறது. கெட்ட நரம்பு சூட்டையும் காயத்தையும் உணராததால் விரல்கள் சிதைகின்றன. ஆக, நாம் முகம் சுளிப்பது ஒருவரை ஊனமாக்கவும் கூடும். நாம் காட்டும் பரிவு ஒருவரைக் காக்கவும் கூடும்.

செய்ய வேண்டியவை மிகச் சிறியவையே. சில்லறையைத் தூர வைக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள். சீட்டைப் பொறுக்க இயலாத விரல்களுக்கு உதவுங்கள். 'ஐயா', 'அம்மா' என்று அழையுங்கள். பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். உங்கள் குழந்தைகள் பார்க்கும்படி இவற்றைச் செய்யுங்கள். நூறு போதனைகளைவிட அது நன்றாகப் பதியும்.

கோயில் கட்டவும் மருத்துவமனை நிறுவவும் பெரும்பொருள் வேண்டும். கை நீட்டுவதற்கோ மனம் ஒன்றே போதும். கிறிஸ்தவர் இதை இயேசு பெருமானின் வழி என்பர். பிற சமயத்தாரும் இதை அறம் என்றே கொள்வர். பெயர் எதுவாயினும், நீட்டிய கை நீட்டியபடியே இருக்கட்டும்.