பூச்சி மருந்தும் ரத்தப் பரிசோதனையும்
(விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



2017-ஆம் வருஷம் மகாராஷ்டிரத்தில், யவத்மால் ஜில்லாவின் பருத்திக் காடுகளில் பூச்சி மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். மில் தோழர்களே, நீங்கள் நூற்கும் பஞ்சு இப்படிப்பட்ட காடுகளில்தான் விளைகிறது. மருந்து, மருந்து என்று சொல்லி நமக்குப் பழகிவிட்டது. அது விஷம்.

இந்த விஷங்களில் ஒரு வகைக்கு ஆர்கனோபாஸ்பேட் என்று பெயர். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் அந்த இனம். நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப ஒரு ரசாயனம் உண்டு. வேலை முடிந்ததும் அதை அழித்துவிட ரத்தத்திலும் நரம்பிலும் ஒரு நொதி இருக்கிறது. கோலினெஸ்டரேஸ் என்பார்கள். விஷம் இந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. நிறுத்தும் கைப்பிடி உடைந்த தறி எப்படி ஓடும்? உடம்பும் அப்படித்தான். வியர்வை கொட்டும், எச்சில் ஊறும், கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும்.

ரத்தம் எடுத்து அளந்தால் நொதி எவ்வளவு பூட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். ஆள் விழுவதற்கு முன்பே தெரியும்! "வெயில் தாக்கிற்று, குடித்திருந்தான்" என்று மேஸ்திரி சொல்லும் கதை அங்கே எடுபடாது.

ஆனால் ஒன்று. இந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். இயல்பிலேயே அதிகம் உள்ளவருக்குக் கணிசமாகக் குறைந்த பிறகும் காகிதத்தில் சரியாக இருப்பதாகவே வரலாம். ஆகவே மருந்தடிக்கும் பருவத்துக்கு முன்பே ஒரு தடவை எடுத்து வைக்க வேண்டும். பின்னால் வரும் அளவை அதோடு ஒப்பிட வேண்டும்.

கலிபோர்னியாவில் 1974 முதல் இதற்குச் சட்டம் உண்டு. முதல் அளவில் 80 சதவிகிதத்துக்குக் கீழே போனால் முதலாளி வேலை முறையைச் சோதிக்க வேண்டும். சிவப்பணு நொதி 70 சதவிகிதத்துக்கு இறங்கினால் அந்தத் தொழிலாளியை அந்த விஷத்தின் அருகே விடக்கூடாது. வாஷிங்டன் ராஜ்யத்தில் இதை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. விவசாயத் தொழிலாளர்கள் வழக்காடி, 2002-இல் அந்த ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார்கள். 2004-இல் பரிசோதனை ஆரம்பமாயிற்று. விலக்கி வைத்த தொழிலாளிக்குக் கூலி கொடுக்கவும் விதி வந்தது. டாலர் முதலாளிகளின் கோட்டையில் வாங்க முடிந்ததை நாம் கேட்கக் கூச்சப்படுவானேன்?

பருவத்துக்கு முன் பரிசோதனை. செலவு பண்ணை முதலாளியுடையது. முடிவுக் காகிதம் தொழிலாளி கையில். விலக்கி வைத்தால் கூலி. சங்கம் இதைத்தான் கேட்க வேண்டும். கூலி இல்லையென்றால், அளவு குறைந்தவரும் பசிக்குப் பயந்து மறுநாளே டேங்கை முதுகில் ஏற்றுவார்.

யாராவது விழுந்தால் பரிசோதனைக்காகக் காத்திருக்காதீர்கள். நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அட்ரோபின் ஊசி உடனே போட வேண்டியது. அன்றைக்கே ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். முந்தைய அளவு கையில் இல்லாவிட்டால் சில வாரங்கள் கழித்து மறுபடி எடுக்கலாம். நொதி ஏறியிருந்தால், அன்று இறங்கியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. நஷ்ட ஈடு கேட்கும்போது அந்த இரண்டு காகிதங்களும் வேண்டும்.