தேநீர் விருந்தும் சிறுவர் பண்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

முன்வரிசையில் அமர்ந்து, 'சிற்றுண்டி எப்போது வரும்?' என்று வாயிற்பக்கம் நோக்கிக்கொண்டிருக்கும் சிறுவர் சிறுமியரே!

ஆடலும் பாடலும் நிறைந்த இந்நன்னாளில், பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டும் என்று நம் செயலாளர் என்னைப் பணித்தார். பிள்ளை வளர்ப்போ பெருங்கடல். அக்கடலை நீந்திக் கடக்கும் ஆற்றல் எனக்கில்லை. ஆதலின் அதிலிருந்து ஒரு குவளை மட்டும் முகந்து வந்திருக்கிறேன். அது தேநீர்க் குவளை. பிள்ளைகட்கு உண்ணும் முறையையும் உபசரிக்கும் முறையையும் வீட்டிலேயே, ஒரு சிறு தேநீர் விருந்தின் வாயிலாகக் கற்பிக்கலாம் என்பதே யான் கூறவந்தது.

நம் ஊர்களில் இப்பாடத்தைக் கற்பித்த பள்ளி எது? பந்தி. கலியாண வீட்டுப் பந்தியில் பாட்டனுக்கும் மாமனுக்கும் நடுவே அமர்ந்த பிள்ளை, எவரும் சொல்லாமலே கற்றது. இலையின் நுனி இடப்பக்கம் இருக்கவேண்டும் என்றும், எல்லார்க்கும் பரிமாறும்வரை காத்திருக்கவேண்டும் என்றும், அடுத்த இலையில் உள்ளதை எட்டிப் பார்த்தல் ஆகாது என்றும், பக்கத்தில் இருப்பவர் உண்டு முடிக்குமுன் எழுதல் ஆகாது என்றும் அது கண்டுகொண்டது.

இங்கே, சிகந்தராபாத்திலும் ஐதராபாத்திலும், அடுக்குமாடி வீடுகளிலும் காலனிகளிலும் வாழும் நம் இல்லங்களில் பந்தி ஏது? தந்தை இரவுப் பணி முடிந்து வரும்போது பிள்ளை பள்ளி வண்டி ஏறிவிடுகிறது. தாய் ஒரு நேரம் உண்கிறாள். பிள்ளை ஒரு நேரம் உண்கிறது. பிள்ளைக்கு எதிரே அமர்ந்திருப்பது கைப்பேசி ஒன்றுதான். அது 'இன்னும் கொஞ்சம் வேண்டுமா?' என்று கேட்பதில்லை. பிள்ளையும் அதைக் கேட்கவேண்டிய தேவையில்லை. பந்தியே இல்லாத வீட்டில் பந்திப் பண்பு எங்ஙனம் வளரும்?

அன்பர்களே! இப்பண்பு மேல்நாட்டார் நமக்குக் கொடுத்த கொடை என்று எவரும் எண்ணிவிடலாகாது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையைப் பெருவாயின் முள்ளியார் இயற்றினார். நூறு வெண்பாக்களைக் கொண்ட அந்நூலில், உண்ணும் முறைக்கென்றே பல பாடல்கள் உள. விருந்தினர்க்கும் முதியோர்க்கும் குழந்தைகட்கும் பசுவுக்கும் பறவைக்கும் அளித்த பின்னரே உண்ணவேண்டும் என்கிறார். சிந்தாமல், ஆடாமல், வேறெங்கும் நோக்காமல் உண்ணச் சொல்கிறார். பெரியோருடன் உண்ணும்போது அவர்க்குமுன் தொடங்குதலும், அவர்க்குமுன் எழுதலும் ஆகா என்கிறார். இனிப்பை முதலிலும் கசப்பை இறுதியிலும் உண்க என்று வரிசைகூட வகுத்திருக்கிறார். அந்நூலில் இக்காலத்துக்கு ஒவ்வாதனவும் உண்டு. அவற்றை விடுத்துக் கொள்வன கொள்வோம்.

திருவள்ளுவர் செய்த வரிசையையும் நோக்குங்கள். எட்டாம் அதிகாரம் அன்புடைமை. ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். பத்தாம் அதிகாரம் இனியவை கூறல். முதலில் உள்ளத்தில் அன்பு. அவ்வன்பு கைக்கு வந்தால் விருந்து. வாய்க்கு வந்தால் இன்சொல். உணவு மேசையில் பிள்ளை கற்கவேண்டிய மூன்றும் அவ்வரிசையிலேயே அடங்கிவிட்டன.

நாம் வாழவந்த இந்நகரமும் உபசாரத்தில் எவர்க்கும் இளைத்ததன்று. தரையில் தஸ்தர்கான் என்னும் விரிப்பை விரித்து, அதனைச் சூழ்ந்து அமர்ந்து, நடுவிலுள்ள பொதுக் கலத்திலிருந்து தன் பக்கத்தில் உள்ளதை மட்டும் எடுத்து உண்பது இங்கே பழைய வழக்கம். ஃபலக்நுமா அரண்மனையில் 101 பேர் ஒருங்கே அமர்ந்து உண்ணும் நீண்ட மேசை இருக்கிறது. அரண்மனையை விட்டுத் தெருவுக்கு வந்தால் இரானி தேநீர்க் கடை. இரானிலிருந்து பம்பாய், புனா வழியாக இங்கு வந்து குடியேறியவர்கள் தொடங்கிய கடைகள் அவை. தேயிலைச் சாற்றை ஒரு பாத்திரத்தில் நெடுநேரம் காய்ச்சி, பாலை மற்றொன்றில் சுண்டக் காய்ச்சி, கோப்பையில் இரண்டையும் கலந்து கொடுப்பர். உடன் வரும் உஸ்மானியா பிஸ்கட், 1911 முதல் 1948 வரை ஆண்ட கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலிகானின் பெயரைத் தாங்கியது. ஒரு தேநீரை வாங்கி இரு கோப்பைகளில் பகிர்ந்துகொள்ளும் 'ஒன் பை டூ' வழக்கத்தை அங்கே நாள்தோறும் காணலாம். 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஐதராபாத்தை உணவுக் கலைக்குரிய படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக ஏற்றது. அத்தகைய ஊரில் வளரும் நம் பிள்ளைகள் உபசாரம் அறியாமல் வளரலாமா?

நிற்க. முழுச் சாப்பாடு இருக்கத் தேநீர் விருந்து எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் எளிது. சாப்பாட்டில் தாய் அடுப்படியிலேயே நின்றுவிடுவாள். பிள்ளையிடம் ஒப்படைக்கக்கூடிய வேலை குறைவு. தேநீர் விருந்தோ ஒரு மணி நேரத்தில் முடிவது; செலவும் சிறிது; பிள்ளையின் கைக்கு அடங்குவது. பிள்ளை அதில் உண்பவனாக மட்டும் இராமல், விருந்து வைப்பவனாகவும் ஆகிறான். பிறரைக் கவனிக்கும் பொறுப்பு ஏற்ற அன்றுதான் பிள்ளைக்குப் பண்பின் பொருள் விளங்கும்.

எங்கள் வரிசையில் ஐந்து வீட்டார் சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இவ்விருந்தை நடத்தி வருகிறோம். முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, அழைப்பு. பிள்ளைகளே வீடு வீடாகச் சென்று, 'தாத்தா, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வரவேண்டும்' என்று வாயால் அழைக்கவேண்டும். கைப்பேசியில் செய்தி அனுப்புதல் கூடாது. அழைக்கக் கற்பதே பாதிப் பண்பு.

இரண்டாவது, வேலைப் பங்கீடு. நான்கு வயதுக் குழந்தை தட்டுகளை அடுக்கும். ஏழு வயதுப் பிள்ளை சுண்டலையும் பிஸ்கட்டையும் ஏந்திச் செல்லும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, வந்தவரை வரவேற்று அமர்த்தும். சூடான தேநீரை ஊற்றுவது மட்டும் பெரியவர் வேலை. ஐந்தாறு வயதுச் சிறுவர்க்குத் தேநீர் வேண்டா. தேயிலையின் துவர்ப்புச் சத்து, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. அவர்கள் குவளையில் பாலோ, கேழ்வரகுக் கஞ்சியோ இருக்கட்டும். குவளை ஒன்றுபோல் இருந்தால் போதும். குழந்தைக்குப் பெருமை குறையாது.

மூன்றாவது, பரிமாறுதல். குவளையின் விளிம்பில் விரல் படாமல் அடியைப் பிடித்து, வலக்கையால் கொடுக்கவேண்டும். தளும்ப நிரப்பலாகாது. விருந்தினர்க்கு முதலில், அவருள்ளும் முதியவர்க்கு முதலில். வீட்டுப் பிள்ளைக்கு இறுதியில். 'இன்னும் கொஞ்சம்?' என்று இருமுறை கேட்கலாம். மூன்றாம் முறை கேட்டால் அது உபசாரம் ஆகாது, உபத்திரவம்.

நான்காவது, உண்ணுதல். கை கழுவி அமர்தல். அனைவர்க்கும் வந்தபின் தொடங்குதல். வாயில் உணவை வைத்துக்கொண்டு பேசாதிருத்தல். வேண்டிய அளவே எடுத்து, எடுத்ததை மிச்சமின்றி உண்ணுதல். வேண்டாததை முகம் சுளிக்காமல், 'போதும் மாமி, மிகவும் நன்றாக இருந்தது' என்று மறுத்தல். இவ்வளவு போதும். எங்கள் விருந்துக்கு வரும் ஐதராபாத் முதியவர் ஒருவர் தேநீரைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடிப்பார். நம் பாட்டிமார் உதடு படாமல் குவளையைத் தூக்கிக் குடிப்பர். சிலர் கரண்டியால் உண்பர். சிலர் கையால் உண்பர். ஒருவர் முறையைக் கண்டு மற்றவர் சிரித்தல் ஆகாது. இதுவும் பாடத்தில் ஒரு பகுதியே.

ஐந்தாவது, பெற்றோர்க்குரிய பாடம். விருந்தினர் வாசலில் நுழையும்போதே பெரியவர்களின் கைப்பேசிகள் ஒரு கூடைக்குள் சென்றுவிடவேண்டும். பிள்ளை தேநீரைச் சிந்திவிட்டால் அதட்டலாகாது. துணியை எடுத்துக் கையில் கொடுத்தால் போதும். விருந்தினர் முன் பிள்ளையைத் திருத்துதல், திருத்துபவர் செய்யும் பிழையாகும். சொல்லவேண்டியதை இரவில் தனியே சொல்லலாம்.

இவையெல்லாம் எளியவை. எளிதல்லாத ஒன்றை இனிக் கூறுகிறேன்.

உண்ணும் முறை மனிதரைச் சேர்க்கவும் வல்லது, பிரிக்கவும் வல்லது. திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவிக் குருகுலத்தை வ.வே.சு. ஐயர் நடத்தினார். சிறுவர் சிலர்க்கு மட்டும் சாதி காரணமாகத் தனியே உணவளிக்கப்பட்டது என்னும் செய்தி எழுந்தபோது, 1924-25இல் தமிழகமே கொதித்தது. நாட்டுத் தொண்டு கற்கச் சென்ற பிள்ளைகள், தட்டை எங்கே வைப்பது என்பதில் வேற்றுமையைக் கற்றார்கள். யான் பணிபுரியும் ரயில்வே துறையின் வரலாற்றிலும் அக்கறை உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களில், பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு ஓரிடம் என்று பலகை தொங்கிய சிற்றுண்டிச் சாலைகள் இருந்தன. பெரியார் ஈ.வெ.ரா. முதலியோர் கிளர்ந்தெழுந்து கண்டித்த பின்னர், 1941இல் அம்முறை நீக்கப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தீண்டாமையை அடியோடு ஒழித்தது.

சட்டம் கடையின் வாசல்வரை வரும். வீட்டுச் சமையலறைக்குள் வருமா? நம்முள் எத்தனை வீடுகளில், வீட்டு வேலை செய்பவருக்கென்று ஒரு குவளை, மற்றவற்றோடு சேராமல் சன்னல் ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது! அதைப் பற்றி நாம் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. பேசாமலே அவர்கள் கற்கிறார்கள்.

எங்கள் விருந்தொன்றுக்கு அழைப்புப் பட்டியலை ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எழுதினாள். அதில் ஆறாவது பெயராக, பாத்திரம் தேய்க்க வரும் அம்மையாரையும், ஏழாவதாக அவர் மகளையும் எழுதியிருந்தாள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவர், 'அவர்களுக்குப் பிறகு தனியாகக் கொடுக்கலாமே' என்றார். அப்போது வரிசையிலேயே மூத்தவரான பாட்டி சொன்னார்: 'பட்டியலைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு இப்போது பிடுங்கினால், நாம் கற்றுக்கொடுத்தது என்ன?' சொன்னதோடு நில்லாமல், தம் வீட்டுச் சீர்வரிசைக் குவளைகளையே எடுத்துவந்து அனைவர்க்கும் வைத்தார். அன்று அவ்வம்மையார் வழக்கம்போல் தம் குவளையோடு வாயிற்படிக்குச் செல்ல எழுந்தார். சிறுமி ஓடிச் சென்று, 'மீரு கூர்ச்சோண்டி அக்கா' என்று தெலுங்கில் சொல்லி, கைப்பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் அமர்த்தினாள். அவ்விருந்தில் பிஸ்கட் சிந்தியதா, பிள்ளைகள் ஒழுங்காக அமர்ந்தார்களா என்பது எவர்க்கும் நினைவில்லை. சன்னல் ஓரக் குவளைகள் மட்டும் அதன்பின் எங்கள் வரிசையில் ஒவ்வொன்றாக மறைந்தன.

ஜப்பான் நாட்டில் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் நோ ரிக்கியூ என்னும் தேநீர்க் கலைஞரை உலகம் போற்றுகிறது. அவர் மரபில் தேநீர்க் குடிலின் வாயில் மிகச் சிறியது. வீரர்களும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தலைகுனிந்தே நுழையவேண்டும். உள்ளே உயர்ந்தவர் தாழ்ந்தவர் இல்லை. நம் வீட்டு வாசலைச் சிறிதாக்க வேண்டியதில்லை. பெருமையை மட்டும் செருப்போடு வெளியே விட்டுவந்தால் போதும்.

அன்பர்களே! பிழைப்பைத் தேடி வந்த நம்மை இந்நகரம் ஏற்று, தன் விரிப்பில் நமக்கும் ஓரிடம் தந்தது. அந்நன்றியை நம் பிள்ளைகள் தெலுங்கரும் உருதுவரும் மராட்டியரும் மலையாளிகளும் அமரும் ஒரு சிறு தேநீர் விருந்தில் திருப்பிச் செலுத்தட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். பட்டியலைப் பிள்ளைகளை எழுதவிடுங்கள். அவர்கள் எழுதும் பெயரை அடிக்காதீர்கள்.

இதற்குமேல் பேசினால், முன்வரிசையில் உள்ளோர் சிற்றுண்டியைத் தாமதப்படுத்திய குற்றம் என்மேல் சாரும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்!