மணலில் சாடிய மருத்துவர்



குளத்துப் படியிலிருந்து நீரில் பாய்வதை நாஞ்சில் நாட்டில் 'சாடுவது' என்பார்கள். அப்படிச் சாடியே உலகை வென்ற மருத்துவர் ஒருவர் இருந்தார். பெயர் சாமி லீ. கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1920-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர்.

லீ சிறுவனாக இருந்தபோது அங்கே பாசடீனா நகரின் பொது நீச்சல் குளத்தில் வெள்ளையர் அல்லாதவருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி இருந்தது. அந்த நாள் முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார்கள். மற்ற நாட்களில் என்ன செய்வது? பயிற்சியாளர் ஜிம் ரயன் தன் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி மணல் நிரப்பினார். பையன் மணலில் சாடினான். மணல் தண்ணீரைப்போல விலகிக் கொடுக்காது; சுழன்றுவிட்டுக் காலூன்றித்தான் இறங்க வேண்டும். லீயின் கால்களுக்கு வலு ஏறியது அந்தக் குழியில்தான்.

இந்தக் கதை நமது நாஞ்சில் நாட்டுக்கு அந்நியமானதல்ல. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டு 1926-இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. இப்பகுதி அப்போது அடங்கியிருந்த திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். அன்று சாமி லீக்கு வயது 16. சுசீந்திரத்துத் தெருவையும் பாசடீனா குளத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பத்து மீட்டர் மேடையிலிருந்து பாய்பவர் நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இரண்டு விநாடிக்குள் உடலைச் சுருட்டி, சுழற்றி, நிமிர்த்தி, செங்குத்தாக இறக்கிவிட வேண்டும். 1947-இல் மருத்துவப் பட்டம் வாங்கிய லீ, மறு ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் அந்த மேடையில் தங்கம் வென்றார். 1952-இல் ஹெல்சின்கியில், தன் 32-ஆவது பிறந்தநாளன்று, மறுபடியும் தங்கம். பிறகு கொரியாவில் ராணுவ மருத்துவர். ஊர் திரும்பியபின் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

இத்தனைக்கும் பிறகு, 1955-இல் கார்டன் குரோவ் என்ற ஊரில், நிறத்தைக் காரணம் காட்டி அவருக்கு வீடு விற்க மறுத்தார்கள். செய்தி நாடெங்கும் பரவி, கண்டனம் எழுந்தது.

பின்னாளில் பாப் வெப்ஸ்டர் என்ற இளைஞர் அவரிடம் பயிற்சிக்கு வந்தார். வெப்ஸ்டர் படித்த கல்லூரியில் குளமே இல்லை. லீ தன் வீட்டுக் கொல்லையிலும் ஒரு மணல்குழியை அமைத்து, அதன்மேல் பலகை பொருத்தியிருந்தார். வெப்ஸ்டர் அதில்தான் சாடிப் பழகினார். 1960-இல் ரோமிலும் 1964-இல் டோக்கியோவிலும் பத்து மீட்டர் தங்கம் அவருடையது.