யாருடைய மரபு பட்டியலில் ஏறுகிறது?



தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயலில் கூடியிருக்கிறோம். 16ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு இலக்கணம் எழுதிய அண்ட்ரிக் அடிகளார் வாழ்ந்த ஊர் இது. அந்த நினைவு ஏட்டில் ஏறிவிட்டது. இந்த ஆறு சுமந்து வரும் எல்லா நினைவுகளும் அப்படி ஏறுவதில்லை.

மரபைக் காக்க நினைத்தவர்கள் அரசின் கொள்கையை எப்படி மாற்றினார்கள் என்பதை முதலில் பார்ப்போம். சென்னை அண்ணா சாலையில் 1897இல் எழுந்தது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 2006இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் சென்றது. கட்டடக் கலைஞர், வரலாற்று ஆர்வலர், வழக்கறிஞர், பத்திரிகையாளர் எனப் பலரும் ஒரே கோரிக்கையில் நின்றார்கள். 2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அந்தக் கட்டடத்தோடு, பட்டியலில் இருந்த நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களுக்கும் காப்பு கிடைத்தது. 2012இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. 2024இல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. அவர்கள் கையில் முன்பே ஒரு பட்டியல் இருந்தது. அதனால்தான் ஒரு கட்டடத்துக்கான வழக்கு எல்லாக் கட்டடங்களுக்குமான வழக்கானது.

ஆனால் பட்டியலை எழுதுவது யார்? கம்பெனி மாளிகை அதில் ஏறும். அதற்குச் சுண்ணாம்பு அரைத்தவரின் சேரி ஏறாது. உத்தப்புரத்தில் தலித் மக்களை மறித்து நின்ற சுவரும் ஒரு கட்டுமானம்தான். பல இயக்கங்கள் சேர்ந்து போராடியதால் 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. ஆக, எதைக் காப்பது என்பதோடு எதை இடிப்பது என்பதும் மரபுக் கொள்கைதான்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனோம். காவல்துறையின் தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் பிணமாக மீண்டார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் அங்கே பூத் தூவுகிறோம். பூ இந்த முகத்துவாரத்துக்கு வந்து கடலில் போய்விடுகிறது.

அந்தக் கரையை மரபிடமாக அறிவிக்கக் கேட்போம். மாஞ்சோலையின் தொழிலாளர் லயன் வீடுகளை அளந்து, படமெடுத்து, அங்கே வாழ்ந்தவர்களின் வாய்மொழியோடு ஆவணமாக்குவோம். கட்டடக் கலைஞர்களையும் தொல்லியலாளர்களையும் துணைக்கு அழைப்போம். ஆனால் பட்டியலை எழுதும் மேசையில் நமக்கும் நாற்காலி வேண்டும். கூட்டணிக்கு நாம் வைக்கும் நிபந்தனை அது ஒன்றுதான்.

ஜெய்பீம்.