வாய் திறக்கவில்லையா? வெற்றிலைப் பையையும் பாருங்கள்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் சுகாதாரப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



போன மாதம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல்லில் ஒன்றுமில்லை என்று பல் டொக்டர் அனுப்பிவிட்டாராம். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். 'டக்' என்றது.

அங்கேதான் தாடை மூட்டு இருக்கிறது. கதவுக் கீல் போலத் திரும்பும். அகலத் திறந்தால் முன்னுக்கும் நழுவும். நடுவிலுள்ள மெல்லிய தட்டு இடம் விலகினால் சத்தம் வரும். வலியில்லாத வெறும் சத்தத்துக்கு மருந்து வேண்டாம். ஆனால் ராத்திரி பல்லைக் கடிப்பவர்களுக்கும், கவலையில் தாடையை இறுக்கி வைத்திருப்பவர்களுக்கும் தசை நொந்து, காது, நெற்றிப்பொட்டு எல்லாம் வலிக்கும். கூடைக் கயிறு இழுத்துக் கழுத்தும் விறைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். நம்முடைய தடித்த ரொட்டியைப் பிளேன்டீயில் நனைத்துச் சாப்பிடுங்கள். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுங்கள். கொட்டாவி வந்தால் நாடியைக் கையால் தாங்குங்கள். வெற்றிலை மெல்லாதீர்கள்.

சிரிக்கிறீர்கள். நான் பேச வந்ததே அதைத்தான்.

வாய் திறக்காததற்கெல்லாம் மூட்டு காரணமல்ல. பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து, நார் போல இறுகும். முதலில் சம்பல் எரியும். பிறகு வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். மூட்டு வலி போல வலிக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. என் மாமியார் "வயசு போச்சு" என்றே இரண்டு வருஷம் இருந்தார். கடைசியில் கரண்டி நுழையவில்லை. இந்த இறுக்கம் தானாக மறையாது. சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். "நான் புகையிலை போடுவதில்லையே" என்று தப்ப முடியாது. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. குளிருக்கும் பசிக்கும் மலையில் போடுகிறோம், தெரியும். நானும் போட்டவள்தான்.

இன்று ராத்திரி உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் விட்டுப்பாருங்கள். நுழையாவிட்டால் அரசாங்க வைத்தியசாலைப் பல் பிரிவில் காட்டுங்கள். தேவையானால் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். ஒருநாள் பேர் போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள். கிளினிக் துண்டைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். அந்த நாளுக்காகத் துரையிடம் பேசுவது எங்கள் வேலை.

இன்னொன்று. தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே 1990க்கு எடுங்கள்.